கேள்வியின் எழுவாய்

(செகந்திராபாத்தில் தமிழன்பர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சீனத்துப் பழைய குறிநூல் ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். சீனத்துக்குப் போகுமுன் கோல்கொண்டாவுக்குப் போய்வருவோம். குதுப் ஷாஹி சுல்தான்கள் இங்கே ஆண்ட காலத்தில், ஏறத்தாழ 1610-க்கும் 1630-க்கும் இடையில், கோல்கொண்டாவில் ஓவியங்கள் நிறைந்த ஒரு பெரிய புத்தகம் உருவானது. அந்த வகை நூலுக்கு ஃபால்நாமா என்று பெயர். ஃபால் என்றால் நிமித்தம், நாமா என்றால் நூல். இன்று அது லண்டனைச் சேர்ந்த கலீலி சேகரிப்பில் இருக்கிறது. நம் ஊரில் பிறந்த புத்தகம், கடல் கடந்து வாழ்கிறது.

அதைக் கையாளும் முறை அழகானது. கைகால் முகம் கழுவி ஒளு செய்து, தொழுது, ஓத வேண்டியதை ஓதி, கேள்வியை மனத்தில் நிறுத்திக்கொண்டு, கை போன இடத்தில் புத்தகத்தைத் திறக்க வேண்டும். ஒரு பக்கம் ஓவியம் இருக்கும். ஏதேனும் ஒரு நபியின் கதை, ஒரு வீரனின் கதை, ஒரு கோளின் உருவம். எதிர்ப்பக்கத்தில் எழுத்து. அந்த எழுத்து, நிமித்தம் கேட்க வந்தவனை நேரடியாக விளித்துப் பேசும். நல்லது நடக்கும், கெட்டது நடக்கும் என்பதோடு நிற்காமல், பொறுமையாக இரு, தானம் கொடு, தொழுகையை விடாதே என்றும் சொல்லும். என்னை இந்த நூல்கள் பக்கம் இழுத்தது அந்த இரண்டாவது பாதிதான். நாளை என்ன நடக்கும் என்று கேட்க வந்தவனிடம், இன்றைக்கு நீ எப்படி நடக்கப் போகிறாய் என்று புத்தகம் திருப்பிக் கேட்கிறது.

ஹைதராபாத் நகரத்தைக் கண்ட முகம்மது குலி குதுப் ஷா, 1591-ல் சார்மினாரை எழுப்பியவர், தக்கினி மொழியில் பெருங்கவிஞர். பாரசீகக் கவி ஹாஃபிஸின் கஜல்களைத் தக்கினியில் தந்தவர். ஹாஃபிஸுக்கும் தக்காணத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பாமினி சுல்தான் ஒருவர் அவரை இங்கே வரும்படி அழைத்தார் என்றும், ஹோர்முஸ் துறைமுகத்தில் கப்பலேறிய கவிஞர் புயலைக் கண்டு இறங்கித் திரும்பிவிட்டார் என்றும் வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்தா எழுதிவைத்திருக்கிறார். கவிஞர் வரவில்லை, அவருடைய கவிதைத் தொகுப்பான திவான் வந்தது. பாரசீகம் புழங்கிய வீடுகளில் அதைத் திறந்து ஃபால் பார்ப்பது வழக்கமானது. பாட்னாவில் குதா பக்ஷ் நூலகத்தில் ஹாஃபிஸின் திவான் பிரதி ஒன்று இருக்கிறது. ஹுமாயூனும் ஜஹாங்கீரும் அதில் நிமித்தம் பார்த்து, எந்தச் சமயத்தில் எந்தக் கவிதை வந்தது என்று ஓரத்தில் தம் கையாலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். பேரரசர்கள், நிமித்தத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஓரக் குறிப்புகளைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை சொல்வேன்.

நமக்கு இது புதிதா? இங்கே இருக்கும் பெரியவர்களுக்குக் கயிறு சாத்திப் பார்த்தல் என்றால் தெரியும். ஏட்டுச் சுவடியின் இடுக்கில் கயிற்றை நுழைத்து, அது விழுந்த ஏட்டை எடுத்துப் படிப்பது. மதுரையில் சமணரோடு நடந்த அனல்வாதத்தின்போது ஞானசம்பந்தர் திருமுறையைக் கைகூப்பி எடுத்து, கயிறு சாத்திப் பிரித்தார், திருநள்ளாற்றுப் பதிகம் இருந்த ஏடு வந்தது, அதைத் தீயில் இட்டார், வேகாமல் பச்சையாக இருந்தது, அதனால் பச்சைப் பதிகம் என்று பெயர் வந்தது என்பது சைவ மரபு. கோயில் சந்நிதியில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது இன்றும் நடக்கிறது. இரண்டு சீட்டு எழுதிக் குலுக்கி எடுப்பதற்கு நம்மவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: திருவுளச் சீட்டு. தற்செயல் என்று ஒரு சொல் கைவசம் இருந்தும், இந்த இடத்தில் அதைப் போடவில்லை.

இன்னும் பின்னே போனால் கழங்கு. மகள் மெலிந்து போனால் வேலனைக் கூப்பிட்டுக் கழங்கு போட்டுக் காரணம் கேட்கும் தாயைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிச் சொல்லும் கட்டுவிச்சியும் உண்டு. தொல்காப்பியம் இரண்டையும் சொல்கிறது. அந்தக் கட்டுவிச்சியின் உறவுக்காரர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். தெலுங்கு நாட்டில் எருகலப் பெண்கள் சோதி சொல்லி வருவதை நீங்கள் தெருவில் கேட்டிருப்பீர்கள். எருக என்றால் தெலுங்கில் அறிதல். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. நம் குறவஞ்சியும் அவர்கள் சோதியும் ஒரே கொடியில் பூத்தவை என்று நான் நம்புகிறேன்.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது விரிச்சி. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் வருகிறது. தலைவன் போருக்குப் போயிருக்கிறான். முதிய பெண்கள் மாலை நேரத்தில் ஊர்ப்புறத்துக்குப் போய், நெல்லும் பூவும் தூவி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் காதில் விழும் அயலார் பேச்சுதான் விடை. அங்கே ஓர் ஆயர்மகள், பசியில் தவிக்கும் கன்றுகளிடம், உங்கள் தாய்மார் இதோ வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிழவிகள் அதை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தலைவனைத் தெரியாது, போரைத் தெரியாது. அவள் கன்றோடு பேசினாள். விடையாக மாற்றியது கேட்டவர்களின் ஏக்கம். இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சீனத்துக்குப் போவோம்.

நூலின் பெயர் யி ஜிங். ஆங்கிலம் வழியே வந்ததால் நம்மில் பலர் ஐ சிங் என்கிறோம். மாற்றங்களின் நூல் என்று பொருள். அதன் பழைய பகுதி மேற்குச் சௌ அரசர்கள் காலத்தது, ஏறத்தாழ 2,800 ஆண்டுகள் பழையது. உள்ளே இருப்பது 64 குறிகள். ஒவ்வொன்றும் ஆறு கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கோடு முழுதாக இருந்தால் யாங், நடுவில் உடைந்திருந்தால் யின். இரண்டு வகைக் கோடு ஆறு இடங்களில் நின்றால் 64 வடிவங்கள்தான் வரமுடியும். நம் பிங்கலருடைய யாப்பு நூலைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவார்கள். லகு, குரு என்ற இரண்டே அசைகளை ஆறு இடங்களில் அடுக்கினால் காயத்ரி அடிக்கு 64 வாய்பாடுகள். அதே கணக்கு. ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் ஒன்றையும் சுழியையும் மட்டும் வைத்து எண்ணும் முறையை 1703-ல் வெளியிட்டபோது, பெய்ஜிங்கிலிருந்த பாதிரியார் அனுப்பிய இந்தச் சீனக் கோடுகளைக் கண்டு மகிழ்ந்து அதையும் சேர்த்தே எழுதினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1890-ல், சீனத் துருக்கிஸ்தானத்தில் குச்சா என்ற ஊரருகே பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய வடமொழிச் சுவடி ஒன்று கிடைத்தது. பவர் சுவடி என்கிறார்கள். பெரும்பகுதி மருத்துவம். ஆனால் அதில் பாய்ச்சிகை உருட்டிக் குறி பார்க்கும் சிறு நூல்கள் இரண்டும் இருந்தன. நான்கு முகக் காயை மூன்று முறை உருட்டினால் வரக்கூடியவை எத்தனை? 64. எது எதிலிருந்து வந்தது என்ற ஆராய்ச்சிக்குள் நான் இறங்கவில்லை. ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு மனிதர்கள் இதே எண்ணை வந்தடைந்திருக்கிறார்கள். நினைவில் வைக்கப் போதுமான அளவு சிறியது, வாழ்க்கையின் நிலைமைகளை அடக்கப் போதுமான அளவு பெரியது.

குறி எடுக்கும் முறை இரண்டு. பழையது தண்டு முறை. ஒரு மூலிகைச் செடியின் உலர்ந்த தண்டுகள் 50. ஒன்றை எடுத்து ஒதுக்கிவிட வேண்டும், அதைப் பிறகு தொடுவதில்லை. மீதி 49-ஐ எண்ணாமல் இரண்டு கூறாகப் பிரிக்க வேண்டும். வலப்பக்கக் கூறிலிருந்து ஒரு தண்டை எடுத்து இடக்கை விரலிடுக்கில் செருகி, இரு கூறுகளையும் நான்கு நான்காகக் கழித்து, எஞ்சியதையும் ஒதுக்க வேண்டும். இப்படி மூன்று முறை செய்தால் கையில் 36, 32, 28, 24 இவற்றுள் ஒன்று மிஞ்சும். நான்கால் வகுத்தால் 9, 8, 7, 6. ஒற்றைப்படை என்றால் யாங், இரட்டைப்படை என்றால் யின். 9-ம் 6-ம் முதிர்ந்த கோடுகள், எதிரிடையாக மாறிவிடக் கூடியவை. இத்தனையும் ஒரு கோட்டுக்கு. ஆறு கோட்டுக்கு 18 முறை பிரிக்க வேண்டும். அரைமணி நேரம் போய்விடும்.

அவசரக்காரர்களுக்குக் காசு முறை. மூன்று காசு. தலைக்கு 3, பூவுக்கு 2. கூட்டினால் அதே 6, 7, 8, 9. ஆறு முறை வீசினால் முடிந்தது. கோடுகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும். வீடு கட்டுவது போல, அடித்தளம் முதலில்.

மாறும் கோடுகள் இருந்தால் முதல் குறி இரண்டாவது குறியாக மாறும். ஆக மொத்தம் 64 முறை 64, அதாவது 4,096 நிலைமைகள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், எந்த நிலைமையும் நிலையாக நிற்பதில்லை என்ற எண்ணம் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. முதிர்ந்தது மாறும். உச்சியில் இருப்பவனுக்குச் சொன்ன எச்சரிக்கையும், குழியில் கிடப்பவனுக்குச் சொன்ன ஆறுதலும் ஒரே விதியிலிருந்து வருகின்றன.

இனி, அரசர்கள் படையெடுப்புக்கும் வேட்டைக்கும் நாள் பார்த்த ஒரு நூல், தன்னைத் திருத்திக்கொள்ளும் நூலாக எப்படி ஆனது? கன்பூசியஸின் பெயரால் வழங்கும் பத்து உரைகள் அதனோடு சேர்ந்தன. பத்து இறகுகள் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றை அவரே எழுதவில்லை என்பது இன்றைய அறிஞர் கருத்து, ஆனால் அவர் வழி வந்தவர்களின் மனம் அதில் இருக்கிறது. அந்த உரைகளில் ஒன்று ஒவ்வொரு குறிக்கும் ஒரு காட்சியைச் சொல்லி, அந்தக் காட்சியைக் கண்ட ஜுன்ஸி என்ன செய்வான் என்று ஓரிரு சொற்களில் சொல்கிறது. ஜுன்ஸி என்ற சொல்லை ஆங்கிலத்தில் பெயர்க்கத் திணறுகிறார்கள். நமக்குத் திணறல் இல்லை. சான்றோன். பூமிக்கு அடியில் மலை இருப்பது ஒரு குறி, பெயர் பணிவு. அதைக் கண்ட சான்றோன் மிகுந்த இடத்தில் குறைத்து, குறைந்த இடத்தில் கூட்டி, நிறுத்துச் சமன் செய்வான். 64 குறிகளில் ஆறு கோடும் கெடுதல் சொல்லாத குறி இந்தப் பணிவு ஒன்றுதான் என்பது சீனர்கள் பெருமையாகச் சொல்லும் செய்தி. காற்றும் இடியும் சேர்ந்தது இன்னொரு குறி, பெயர் பெருக்கம். செல்வப் பெருக்கம் பற்றித்தான் சொல்லும் என்று எதிர்பார்ப்போம். நல்லதைக் கண்டால் அதன் பக்கம் நகர்வதையும், தன் குறையைக் கண்டால் களைவதையும் அங்கே சான்றோனின் செயலாகச் சொல்கிறது.

இந்தப் போக்கின் எல்லைக்கே போனவர், கன்பூசியஸ் வழி வந்த பழைய அறிஞர் ஷுன்ஸி. யி நூலை நன்கு கற்றவன் குறி பார்க்கமாட்டான் என்பது அவர் கட்சி. 12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜூ ஷி எதிர்ப்பக்கம் நின்றார். இது அடிப்படையில் குறிநூல்தான், அதை மறந்துவிட்டுத் தத்துவம் மட்டும் பேசாதீர்கள் என்றார். அவரே பெரிய தத்துவஞானி என்பதை நினைவில் கொண்டால் அந்தப் பேச்சின் எடை தெரியும். நான் ஜூ ஷியின் பக்கம். ஏன் என்று என் கதையைச் சொல்லும்போது விளங்கும். ஆனால் சான்றோனை முன்வைக்கும் வாசிப்பும் தொடர்ந்தது. 1914-ல் லியாங் ச்சிச்சாவ் என்ற சீர்திருத்தவாதி பெய்ஜிங்கில் சிங்ஹுவா மாணவர்கள் முன் சான்றோன் என்பவன் யார் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். முதல் இரண்டு குறிகளின் காட்சி உரைகளை எடுத்துப் பேசினார்: வானம் போல ஓயாமல் தன்னை வலுப்படுத்திக்கொள்வது, நிலம் போல அகன்ற குணத்தால் எல்லாவற்றையும் தாங்குவது. அந்த இரண்டும் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் இலச்சினை வாசகமாக இன்றும் இருக்கின்றன.

மேல்நாட்டுக்கு இந்நூலை உயிரோடு கொண்டுபோனவர் ரிச்சர்ட் வில்ஹெல்ம். சிங்தாவ் நகரில் பாதிரியாராக வேலை பார்த்தவர், லாவ் நைஷுவான் என்ற பழைய பள்ளி அறிஞரிடம் பாடம் கேட்டு ஜெர்மனில் பெயர்த்தார். 1924-ல் வெளிவந்தது. அதன் ஆங்கில வடிவம் 1950-ல், உளவியலறிஞர் யுங்கின் முன்னுரையோடு. யுங் அந்த முன்னுரையில் நூலிடமே நூலைப் பற்றிக் கேட்டுப் பார்க்கிறார். மூன்று கால் பாத்திரம் என்ற குறி வருகிறது. சமைத்து ஊட்டும் பாத்திரம். நூல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது என்று அவர் எடுத்துக்கொள்கிறார். காரண காரியத் தொடர்பு இல்லாமலே மனத்தின் நிலையும் காசின் விழுகையும் ஒரு கணத்தில் ஒத்துப்போகும் என்பது அவர் கொள்கை.

யுங்கின் மீது எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் இந்த இடத்தில் அவரோடு போக என்னால் முடியவில்லை. 1948-ல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தம் மாணவர்களுக்கு ஒரு குணநலச் சோதனை வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. உண்மையில் எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே அறிக்கை. ஜோதிடப் புத்தகத்திலிருந்து திரட்டிய வாக்கியங்கள். பொருந்துகிறது என்ற உணர்வு, அது உண்மை என்பதற்குச் சாட்சியாகாது. இதை அறிந்த பிறகும் நான் இந்த நூலை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதைத்தான் இன்று உங்களிடம் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆபிட்ஸ் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகங்கள் பரப்பியிருப்பார்கள். கடைகள் மூடிய வாசல்களில், தார்ப்பாய் மீது. மஞ்சள் அட்டை போட்ட வில்ஹெல்ம் பதிப்பு எனக்கு அங்கேதான் கிடைத்தது. அப்போது எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சில்லை. கும்பகோணம் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீடு அப்பா காலத்துக்குப் பிறகு பாகம் பிரிக்கப்படாமல் கிடந்தது. அண்ணன் அதில் இருந்தார். நான் இங்கே இருந்தேன். வக்கீல் ஒருவரைப் பார்த்து, தாவாவுக்கான காகிதங்களையும் தயார் செய்துவிட்டேன்.

நூலில் சொன்னபடி முதலில் கேள்வியை எழுத வேண்டும். நான் எழுதியது: வழக்குப் போட்டால் ஜெயிக்குமா? எழுதிப் பார்த்தபோது இது வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று தோன்றியது. அடித்துவிட்டு எழுதினேன்: அண்ணன் ஏன் எனக்கு இப்படிச் செய்கிறார்? அது அண்ணனிடம் கேட்க வேண்டிய கேள்வி. மறுபடி அடித்தேன். வழக்குப் போடலாமா, கூடாதா? இது பூக்கட்டிப் பார்க்கும் கேள்வி, ஆம் இல்லை என்பதற்கு 64 குறிகள் எதற்கு? இப்படி ஒரு மணி நேரம் போனது. நான்காவதாக எழுதியது இது: இந்த விஷயத்தில் நான் இன்னும் செய்யாமல் விட்டது என்ன?

நான் தமிழாசிரியனாக இருந்தவன். அந்த நான்கு வாக்கியங்களையும் வரிசையாகப் பார்த்தபோது பழக்கத்தில் எழுவாயைத் தேடினேன். முதல் வாக்கியத்தில் எழுவாய் வழக்கு. இரண்டாவதில் அண்ணன். மூன்றாவதில் எழுவாயே இல்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது. நான்காவதில்தான் நான் வந்து நிற்கிறேன். மூன்று வருடம் இந்த வழக்கை நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டவன், ஒரு தடவைகூட என்னை எழுவாயாக வைத்து யோசிக்கவில்லை. காசை இன்னும் கையில் எடுக்கவேயில்லை. பாதி வேலை முடிந்துவிட்டது.

நிஜாம் காலத்துக் காசுகள் மூன்று வைத்திருந்தேன். வீசினேன். கீழிருந்து 8, 7, 9, 8, 7, 8. நாற்பத்தெட்டாவது குறி. கிணறு.

ஊரை மாற்றலாம், கிணற்றை மாற்ற முடியாது என்பது அதன் தொடக்கக் கருத்து. வருபவர்களும் போகிறவர்களும் இறைத்தாலும் அது கூடுவதுமில்லை குறைவதுமில்லை. ஆனால் கயிறு தண்ணீரைத் தொடுகிற சமயத்தில் எட்டாமல் போனால், அல்லது குடம் உடைந்தால், கேடு. ஆறு கோடுகளும் கிணற்றின் ஆறு நிலைகள். அடியில் சேறு, யாரும் குடிக்க வராத பாழுங்கிணறு. மேலே ஏற ஏற ஓட்டைக் குடம், தூர்வாரிய கிணறு, கல் கட்டிய சுவர், குளிர்ந்த ஊற்று. உச்சியில் மூடியில்லாமல் எல்லோருக்கும் திறந்த வாய். எனக்கு மாறும் கோடாக வந்தது மூன்றாவது. தூர்வாரித் தெளிந்த கிணறு, ஆனால் யாரும் குடிக்கவில்லை, அதனால் மனம் நோகிறது.

கயிறு எட்டவில்லை என்ற அந்த ஒரு செய்தியில் நான் அன்று இரவெல்லாம் நின்றேன். மூன்று வருடத்தில் நான் என்னென்ன செய்திருந்தேன்? மாமாவிடம் சொன்னேன். சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். வக்கீலிடம் பேசினேன். அண்ணனிடம் நேரே ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாக் கயிறும் பாதியில் நின்ற கயிறு.

கடிதம் எழுதினேன். உரிமை பற்றி எழுதவில்லை. அம்மாவின் கடைசி இரண்டு வருடங்களை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள், நான் பணம் அனுப்பியதோடு நின்றேன், அதை உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை என்று எழுதினேன். எட்டு மாதம் பதில் இல்லை. கிணறு பலித்துவிட்டது என்று சொல்ல இங்கே நான் நிற்கவில்லை. வீடு பிறகு ஒருநாள் விற்றது, பங்கு வந்தது, அதிலும் எனக்குச் சில மனக்குறைகள் இருந்தன. தாவாக் காகிதங்களை நான் தாக்கல் செய்யவில்லை. அது மட்டும் உறுதி.

இப்போது உங்களில் கூர்மையானவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வேறு குறி விழுந்திருந்தால்? இடி விழுந்திருந்தால், மலை விழுந்திருந்தால்? இதைப் பல வருடம் யோசித்தேன். வேறு குறி வந்திருந்தால் வேறு குறை கண்ணில் பட்டிருக்கும். பணிவு வந்திருந்தால் படித்தவன் என்ற என் செருக்கைப் பார்த்திருப்பேன். காத்திருத்தல் என்ற குறி வந்திருந்தால் அவசரத்தைப் பார்த்திருப்பேன். அத்தனையும் என்னிடம் இருந்தன. ஒருவனுடைய குறைகள் ஒரே ஒரு வாசல் உள்ள வீடு போல இல்லை. எந்தப் பக்கம் திறந்தாலும் உள்ளேதான் போவோம். ஆனால் நாமே தேர்ந்தெடுத்துத் திறந்தால், சுத்தமாக வைத்திருக்கும் முன்கூடத்தையே மறுபடி மறுபடி திறப்போம். காசுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. நாம் போகாத அறையின் கதவில் அது கொண்டுபோய் நிறுத்திவிடும். ஜூ ஷியின் பக்கம் நான் நிற்பது இதனால்தான். நூலை வெறும் தத்துவமாக வாசித்தால் எனக்குப் பிடித்த பக்கத்தை நான் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வேன். ஆயர்மகளின் சொல் கிழவிகளுக்குப் பயன்பட்டதே, அது அவர்கள் கேட்டு வாங்கிய சொல்லாக இல்லாததால்தான்.

நீங்கள் செய்து பார்க்க விரும்பினால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இடப்பக்கம் தேதி, கேள்வி, அடித்த கேள்விகளும் சேர்த்து. அடித்தவற்றைக் கிழித்துவிடாதீர்கள், அவைதான் மருந்து. வலப்பக்கம் குறியும், அன்று அது உங்களுக்கு என்ன சொன்னது என்பதும். கீழே பாதிப் பக்கம் காலியாக விடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று அங்கே எழுதுங்கள். ஜஹாங்கீர் திவானின் ஓரத்தில் செய்ததும் ஒருவகையில் இதுதான். ஆனால் அவர் பலித்ததைக் குறித்தார். நீங்கள் நடந்துகொண்டதைக் குறியுங்கள். என் நோட்டில் பத்து வருடத்தில் ஒரே குறையை வெவ்வேறு சொற்களில் கேள்வியாக எழுதியிருப்பதைக் கண்டு நான் வெட்கப்பட்டிருக்கிறேன். அந்த வெட்கம் எனக்குப் பயன்பட்டது.

ஒரே விஷயத்தை இரண்டாம் முறை கேட்காதீர்கள். நூலே இதைத் தடுக்கிறது. நான்காவது குறி, இளமை அறியாமை. முதல் முறை கேட்பவனுக்குச் சொல்வேன், திரும்பத் திரும்பக் கேட்பவனுக்குச் சொல்லமாட்டேன் என்ற கருத்தில் ஆசிரியர் குரலில் பேசுகிறது. வேண்டிய விடை வரும்வரை காசு வீசுகிறவன் தன்னைத் திருத்தவில்லை, நூலைத் திருத்துகிறான். உடம்பு பற்றிய கேள்வியை இதனிடம் கொண்டுபோகாதீர்கள். எனக்கு மிக வேண்டிய ஒருவர், மருத்துவர் உடனே செய்யச் சொன்ன அறுவை சிகிச்சையை, வேறு வேறு குறிகள் கேட்டு நாலு மாதம் தள்ளிப்போட்டார். அவர் இன்று இல்லை. இதைச் சொல்லும்போது என் குரல் மாறுவதை மன்னிக்க வேண்டும். பிறர் கல்யாணம், பிறர் பிள்ளை, பிறர் பணம் பற்றியும் கேட்காதீர்கள். எழுவாய் நீங்களாக இல்லாத கேள்வி எதுவும் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக வீசித் தருகிறேன் என்று வருபவரிடமும் போகாதீர்கள். கேள்வியை நீங்களே அடித்து எழுதாத வரையில், கையில் மிஞ்சுவது காசின் சத்தம் மட்டும்.

கன்பூசியஸ் தம் முதுமையில், இன்னும் சில ஆண்டுகள் கிடைத்தால் யி நூலைக் கற்று, பெரும் பிழைகள் இல்லாதவனாக ஆகலாம் என்று ஏங்கியதாக ஒரு குறிப்பு உண்டு. அந்த வாக்கியத்தின் பாடம் பற்றி அறிஞரிடையே வழக்கு இருக்கிறது. நான் அதை அப்படியே நம்ப விரும்புகிறேன். பிழையே இல்லாதவனாக என்று அவர் கேட்கவில்லை.

எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணனிடமிருந்து பதிலாக வந்தது கடிதம் இல்லை, அவரே வந்தார். நாம்பள்ளி ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் ஒரு பை, அதில் எங்கள் கொல்லைக் கிணற்றடி எலுமிச்சம்பழம். கடிதத்தைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. நான்கு நாள் இருந்தார். மூன்றாம் நாள் மாலை மேஜைமேல் இருந்த மஞ்சள் புத்தகத்தைப் புரட்டி, இது என்னடா என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் காசைக் கொடு என்றார். கேள்வியை முதலில் எழுத வேண்டும் அண்ணா என்றேன். தாள் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். இருட்டும்வரை கீழே வரவில்லை. வந்தபோது தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். அவர் ஊருக்குப் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். கேள்வி எழுதிய பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார். மீதித் தாளில் ஆறு கோடுகள் மட்டும் இருந்தன. கீழிருந்து மேலாக, அப்பாவின் கையெழுத்து போலவே சாய்ந்த கோடுகள்.